தண்ணீர் மட்டும் குடித்த எலிகள்

நான் வேலை செய்த ஆய்வகத்தில் எலி அறைகளில் பாதியை மூடிவிட்டார்களாம். மனித உயிரணுக்களிலிருந்தே கடுகளவு கணையத்தைத் தட்டில் வளர்க்கிறார்களாம். எலி பார்த்த வேலையில் பெரும்பகுதியை அது பார்த்துவிடுமாம். என் இடத்துக்கு வந்த பெண் தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, "அக்கா, நம்ம நியூஸ்லெட்டருக்கு ஒரு பேஜ் எழுதிக் குடுங்களேன், பழைய ஸ்டோரி ஏதாச்சும்," என்றாள். சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் எதை எழுத உட்கார்ந்தாலும் வீரையா அண்ணனிடம்தான் போய் நிற்கிறது. அது நியூஸ்லெட்டரில் வரக்கூடிய கதை இல்லை. அதனால் அவர்களுக்கு எலிக்கூண்டு சுத்தம் பற்றி ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு, இதைப் பெயர்களை மாற்றித் தனியாக எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். நோய்க்கான மரபணுவைச் சுமக்கும் சுண்டெலிகளை வளர்ப்பது, இனம் சேர்ப்பது, குட்டிகளில் எதற்கு அந்த மரபணு வந்திருக்கிறது என்று பார்ப்பது, கடைசியில் அவற்றின் கணையத்தை எடுத்து ஸ்லைடாக்கி மேலதிகாரியின் மேசையில் வைப்பது. "பிள்ளையார் வாகனத்தைப் பிடிச்சு ஊசி போடுறியே, உனக்கு எப்படித்தான் மனசு வருது?" என்று என் நாத்தனார் கேட்பார். முதல் வருடம் மனசு வரவில்லை, விரலெல்லாம் கடிதான் வந்தது. பிறகு இரண்டும் பழகின. பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது, வாசனை எலிகளைக் கலைத்துவிடும். தீபாவளிக்கு மறுநாள் தலையிலிருந்து நல்லெண்ணெய் வாசம் போகிறவரை இரண்டு தடவை ஷாம்பூ போட்டுவிட்டுத்தான் புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து கிளம்புவேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பேராசிரியர் டியோவிடம் வந்த பிறகுதான் வேலை என்றால் என்னவென்று தெரிந்தது. அவர் வாரத்தில் சில நாள் மருத்துவமனையில் கணைய நோயாளிகளைப் பார்ப்பார், மற்ற நாள் எங்களோடு இருப்பார். ஒல்லியான சீனப் பெண்மணி. குரலை உயர்த்தியே பேசமாட்டார். ஆவியில் வேகவைத்த சீன பாவ் ரொட்டியை நின்றுகொண்டே சாப்பிடுவார். நாம் எதைக் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளிக்கொண்டு போனாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "வேற என்னவா இருக்கலாம்?" ஆங்கிலத்தில்தான் கேட்பார், நான் தமிழில் எழுதுகிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்து யோசித்தே எனக்குப் பாதி முடி நரைத்தது. நோயாளிகளிடமிருந்து அவர் மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றிருந்தார்: வலி, சாப்பாடு, குடிக்கிறீங்களா. கணைய வலி என்று வருகிறவரிடம் எந்த ஊரிலும் மூன்றாவதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கணையம் கொஞ்சம் வம்பு பிடித்த உறுப்பு. நாம் சாப்பிடுவதைச் செரிக்கவைக்கும் சாற்றை அதுதான் சுரக்கிறது. அந்தச் சாறு குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும். உள்ளேயே விழித்துக்கொண்டால் கணையம் தன்னைத் தானே செரிக்க ஆரம்பித்துவிடும். அந்த நோயைத்தான் நாங்கள் ஆராய்ந்தோம். எலி செத்ததுமே கணையம் தன்னைச் செரிக்கத் தொடங்கிவிடும், காத்திராது. அதனால் கை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். வயிற்றைத் திறந்ததும் இடப்பக்கம் மண்ணீரல் சிவப்பாக, நாக்கு மாதிரி தெரியும். அதை மட்டும் மெல்லப் பிடித்துத் தூக்கினால் கணையம் பின்னாலேயே வரும். ஊறிய பஞ்சு போல இருக்கும். இடுக்கியால் கணையத்தைத் தொடவே கூடாது, தொட்ட இடம் நசுங்கி, நோய் வந்த இடம் போலவே பின்னால் ஸ்லைடில் தெரியும். குடலிலிருந்து பிரித்து, இழுக்காமல் ஒரு துண்டு அட்டையில் பரப்பி, கெடாமல் காக்கும் ஃபார்மலினில் விட வேண்டும். பேராசிரியர் ஜாடியின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் மூடி பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் திகைப்பார்கள். அவருக்கு அது வேலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

வீரையா அண்ணன் கூண்டு கழுவும் பகுதியில் இருந்தார். கூண்டு, தண்ணீர் பாட்டில், மூடி எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். உட்லண்ட்ஸில் வீடு. மனைவி சாந்தி, மகள் தேன்மொழி. நல்ல கிண்டல்காரர். "பத்மா, உன் எலிங்க எல்லாம் ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்ல இருக்குதுங்க லா. எனக்கு வீட்ல இப்படி பெட்ஷீட் மாத்துறதுக்கு ஆள் இல்ல," என்பார். ஒரு தீபாவளிக்கு அடுத்த நாள் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்பக்கமாகச் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்தால்தான் கணைய வலி கொஞ்சம் அடங்கும். மருத்துவமனையில் சேர்த்தார்கள். எவ்வளவு குடிப்பீர்கள் என்றார்கள். குடிப்பதில்லை என்றார். தீபாவளிக்கு மறுநாள் வந்த தமிழர் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

வலி திரும்பத் திரும்ப வந்தது. கொழுப்பு இந்த வலியைத் தூண்டும், நெய்ப் பலகாரம் பக்கமே போகக் கூடாது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. சாந்தியின் அப்பா குடித்தே செத்தவர், அதனால் அந்தக் கேள்வி சாந்தியின் காதில் வேறு விதமாக விழுந்தது. அண்ணன் வேலை முடிந்து வந்ததும் சாந்தி அவர் வாயை மோந்து பார்ப்பார். பையைத் துழாவுவார். ஒன்றும் கிடைக்காதபோது, இவர் தன் அப்பாவைவிடக் கெட்டிக்காரர் என்று முடிவுகட்டினார். மகளின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பெண் அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கேன்டீனில் கூட வேலை செய்தவர்கள், "அண்ணே, இன்னிக்கு வெறும் கோப்பிதானா?" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்:

"சாமி மேல சத்தியம் பண்றேன் பத்மா. அவ என்ன சொல்றா தெரியுமா? 'எங்கப்பாவும் இதே சாமி மேலதான் பண்ணாரு'ங்கிறா. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு அவரை நம்பத்தான் தோன்றியது. ஆனால் நம்புவது வேறு, தெரிவது வேறு என்று பேராசிரியர் எங்களைப் பழக்கியிருந்தார்.

தென்னிந்திய வம்சாவளிக் குடும்பங்களில் கணைய நோய்க்குக் காரணமாகலாம் என்று ஒரு மரபணு மாற்றத்தைப் பேராசிரியர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். கணையச் சாறு முன்கூட்டியே விழித்துக்கொள்ளாமல் அடக்கி வைக்கும் புரதம் ஒன்று உண்டு. அதில் குறை. அண்ணன் அவருடைய நோயாளியாகவே போய் ரத்தம் கொடுத்தார். மாற்றம் இருந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லாட்டரி விழுந்தவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். ஆனால் பேராசிரியர் அவரிடம் ஒளிக்காமல் சொன்னார்: இதே மாற்றம் நோயே வராத எத்தனையோ பேரிடமும் இருக்கிறது. இது மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் எலி வளர்க்கிறோம்.

அந்த மாற்றத்தை அப்படியே சுமக்கும் எலிகள் எங்கள் கூடத்தில் பிறந்தன. எலி சாராயக்கடைக்குப் போகாது. தண்ணீர், தீவனம், இரண்டும் நாம் கொடுப்பதுதான். அவற்றுக்கு நோய் வந்தால், குடிக்காமலும் வரும் என்று ஆகும். அண்ணனுக்கு இது புரிந்துவிட்டது. அந்தக் கூண்டுகள் கழுவ வரும்போது மற்றவர்களிடம் விடமாட்டார். "என் சாட்சிங்க லா இதுங்க," என்பார்.

மாதங்கள் போயின. எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. ஸ்லைடுகளைப் பார்த்தோம், கணையம் பழுதே இல்லாமல் பாடப்புத்தகப் படம் மாதிரி இருந்தது. இந்த மாற்றம் தனியாக நோயை உண்டாக்குவதில்லை என்று பேராசிரியர் முடிவு எழுதினார். மருத்துவமனையில் அண்ணனிடம் அவரே சொன்னார். மறுநாள் காலை அண்ணன் கூண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் அருகில் நிறுத்தினார்.

"சாட்சி பல்டி அடிச்சிருச்சு, பத்மா."

"அண்ணே, எலி உங்களுக்கு எதிரா ஒண்ணும் சொல்லல. தெரியலன்னுதான் சொல்லுது."

"சாந்திக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எலிகளுக்குப் புது ரத்தம் சேர்க்க அவ்வப்போது வெளியிலிருந்து ஜோடி வாங்குவோம். வழக்கமான பண்ணையில் அப்போது கையிருப்பு இல்லை. இன்னொரு பண்ணையிலிருந்து அதே இனம் வந்தது. அதே கறுப்பு எலி, அதே பெயர். வாங்கினோம், வேறொரு அறையில் வைத்து எங்கள் எலிகளோடு சேர்த்தோம், யாருக்கும் இரண்டாவது யோசனை வரவில்லை. இரண்டு மூன்று தலைமுறை கழித்து அந்த அறையில் சில எலிகள் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார ஆரம்பித்தன. மயிர் சிலிர்த்திருந்தது. எடை இறங்கியது. கழிவு வெளுத்து எண்ணெய்ப் பசையாக இருந்தது. கூனிக்கொண்டு உட்காரும் எலியைப் பார்த்தபோது எனக்குத் தரையில் உட்கார்ந்த அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, வலி தாங்கவேண்டிய நிலை வருமுன் அவற்றை முடித்துவைத்தோம். கணையத்தை எடுத்தேன். ஊறிய பஞ்சு போல வரவில்லை, கெட்டியாகச் சுருங்கிக் கையில் வந்தது.

ஓடிப்போய்ச் சொன்னேன். பேராசிரியர் வாயிலிருந்த பாவ் துண்டை மென்று முடித்துவிட்டு, "வேற என்னவா இருக்கலாம்?" என்றார்.

தொற்றா? பார்த்தோம், இல்லை. தீவனமா? மாற்றினோம், நோய் போகவில்லை. அடுத்து தண்ணீர். பாட்டில்களில் சோப்பு தங்கியிருக்குமோ என்று பேச்சு வந்தது. பாட்டில் கழுவியது வீரையா அண்ணன். அவரிடம் அதை நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் குடிச்சா என் தப்பு. எலி குடிச்சாலும் என் தப்புதானா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது கிண்டல் இல்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்று எனக்குப் பேராசிரியர் மேல் கோபம் வந்தது. இவ்வளவு கண் முன்னால் தெரிகிறதை ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்று.

ஆனால் அவர் கேட்டதுதான் அண்ணனைக் காப்பாற்றியது. ஒரே கூண்டு, ஒரே பாட்டில், ஒரே தாய்க்குப் பிறந்த குட்டிகள். மரபணு மாற்றம் உள்ளவை கூனிக்கொண்டிருந்தன, இல்லாதவை குதித்துக்கொண்டிருந்தன. சோப்பாக இருந்தால் எல்லாவற்றுக்கும் வந்திருக்கும். தண்ணீரில் குற்றமில்லை. அப்படியானால் பழைய அறையில் அதே மாற்றம் உள்ள எலிகள் ஏன் நன்றாக இருக்கின்றன? பேராசிரியர் இரு பண்ணைகளின் வம்சாவளியைத் தேடிப் போனார். ஒரே இனம்தான். ஆனால் பல காலம் முன்பு பிரிந்து, இரு இடங்களில் தனித்தனியே பெருகியவை. பங்காளிகள் மாதிரி, பெயர் ஒன்று, வீடு வேறு. புதிதாக வந்த கிளையில், தப்பித்தவறி விழித்துக்கொண்ட சாற்றை உடைத்துப் போடும் ஒரு நொதி குறைந்துபோயிருந்தது. முதல் பூட்டு பழுதானாலும் இரண்டாவது பூட்டு காப்பாற்றும். இரண்டும் பழுதானால் நோய். வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டே நோய்.

அப்போதும் அவர் அதை வெளியில் சொல்லவில்லை. இரண்டு கிளைகளிலும் முதலிலிருந்து மறுபடி வளர்க்கச் சொன்னார். ஸ்லைடுகளில் எந்த எலி என்று தெரியாதபடி குறியீடு போட்டு, எது எதுவென்று தானும் அறியாமலே பார்த்தார். அதுவரை வீரையாவிடம் மூச்சு விடக் கூடாது என்றார். ஒரு வருடத்துக்கும் மேல் ஆயிற்று. தினமும் காலையில் அண்ணன் கூண்டு கொண்டு வருவார், முன்போல எதுவும் கேட்கமாட்டார். என் வேலைக் காலத்தில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது எது என்று கேட்டால் அந்தக் காலைகள்தான். குறியீட்டைப் பிரித்தபோது நோயுள்ளவை எல்லாம் இரண்டு குறையும் உள்ளவை. பேராசிரியர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். பிறகு மருத்துவமனையில் சேமித்து வைத்திருந்த அண்ணனின் ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொன்னார். அந்த இரண்டாவது நொதியிலும் அவருக்குக் குறை இருந்தது.

மருத்துவமனைக்கு அண்ணன் என்னையும் வரச் சொன்னார், சாந்திக்கு ஆங்கிலம் போதாது என்று. பேராசிரியர் என்னிடம், "நான் சொல்றதுல ஒரு வார்த்தை கூடவும் வேணாம், குறையவும் வேணாம்," என்றார். அப்படியே சொன்னேன். "எலிக்கு வந்ததுனால இவர் குடிக்கலன்னு ஆயிடாது. குடிக்காமலும் இந்த நோய் வரும். அந்த வழி இவர் உடம்புல இருக்கு. அதுக்கு மேல எலியால சொல்ல முடியாது."

சாந்தி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீங்க குடிக்கலயா?"

"இல்ல சாந்தி."

"சரி," என்றார்.

இத்தனை வருடம் கழித்து அவ்வளவுதான். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் சிரிப்பு முழுதாக விரியுமுன் நின்றுவிட்டது.

"டாக்டர், இது ரத்தத்துல வர்றதுன்னா… என் பொண்ணுக்கு?"

பேராசிரியர் சொல்ல, நான் சொன்னேன். ஒவ்வொரு குறையும் மகளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டும் வந்திருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை. மகள் வயது வந்த பெண், சோதிப்பதா வேண்டாமா என்று அவள்தான் தீர்மானிக்க வேண்டும். அண்ணன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"அதுக்கு நான் குடிகாரனாவே இருந்திருக்கலாமே."

"என்ன சொல்றார்?" என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். ஒரு வார்த்தை கூடாமல், குறையாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்று அவரிடம் கேள்வி எதுவும் இல்லை.

தேன்மொழி சோதனைக்குப் போனாளா, என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. நான் ஓய்வு பெற்றேன், அண்ணனும் ஓய்வு பெற்றார். பேராசிரியர் இப்போது மருத்துவமனையோடு சரி. போன வருடம் தேன்மொழியே என்னைக் கூப்பிட்டாள். நிச்சயதார்த்தம், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு உணவகத்தின் மாடியில், மாப்பிள்ளை வீடு ஜொகூர். "ஆன்ட்டி, அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியாச்சு. பெரியவங்களுக்கு மட்டும் தெரிய வேணாம். அப்பாதான் வேற ஒண்ணு சொல்லி வச்சிருக்காரு," என்றாள். என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதிர் வரிசையில் அண்ணனும் சாந்தியும். அந்த அம்மா இலையில் தண்ணீர் தெளித்தபடியே குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க சம்பந்தியோட ஒண்ணா வேலை பார்த்தவங்களாமே. அந்தக் காலத்துல ரொம்பக் குடிப்பாராம், அதுலதான் வயிறு கெட்டுப்போச்சாம். அவரே சொன்னாரு. இப்ப நிஜமாவே விட்டுட்டாரா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எலி அறையில் ஒரு வருடத்துக்கும் மேல் எதையும் கேட்காமல் கூண்டு தள்ளிக்கொண்டு வந்த அதே முகம்.

"ஆமாங்க," என்றேன். "அப்பல்லாம் குடிப்பாரு. விட்டு ரொம்ப வருஷமாச்சு."

"அதுதான் வேணும். எத்தனை பேரால விட முடியுது?" என்று அந்த அம்மா நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

எதிரே, அண்ணனின் இலையில் யாரோ பரிமாறிவிட்டுப் போன நெய் மைசூர்பாகை சாந்தி எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டார்.